ஆயுதபூஜைக்குத் தூங்கிய எலிகள்

எங்கள் ஆபீஸ் கழிப்பறையில், ஆள் அசைந்தால் எரியும் விளக்கு ஒன்று இருக்கிறது. நான் உள்ளே போய் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். மற்றவர்களுக்கு அப்படி ஆவதில்லை. விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். விசாரித்தேன் என்றால், கணக்குப் பார்க்கும் பாண்டிச்செல்வி அக்கா வேறு யாரிடமோ அந்த விளக்கைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றேன். அணைந்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவேன். மறுபடி எரியும். விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்த ஒருத்தி, தான் உயிரோடு இருப்பதை இப்படி அவ்வப்போது நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அந்த விளக்கின் அடியில் பால் நிறத்தில் ஒரு குமிழ் இருக்கும். பாதி எலுமிச்சம்பழம் மாதிரி. நடமாடும் உடம்பின் சூட்டை அது உணரும். ஆய்வுக்கூடத்தை நடத்தும் ஷாஹீதா மேடம் அதே குமிழில் ஒரு பெட்டி நிறைய வாங்கி, எங்கள் எலி அறையில் ஒவ்வொரு கூண்டுக்கும் மேலே ஒன்றைப் பொருத்த வைத்தார். குமிழ் கூண்டைப் பார்த்தபடி தலைகீழாகத் தொங்கும். அதன் பெட்டியும் வயர்களும் மேல்தட்டுக்குள் மறைந்திருக்கும். எலி நடந்தால் கம்ப்யூட்டரில் அந்தக் கூண்டுக்கான கட்டம் பச்சையாகும். படுத்தால் நீலம். எலியைத் தொட வேண்டாம், தூக்க வேண்டாம், பக்கத்தில்கூடப் போக வேண்டாம். அது தன் வீட்டில் தன்பாட்டுக்கு இருக்கும். நாம் நம் நாற்காலியில் நம்பாட்டுக்கு இருக்கலாம். இந்த வேலைக்கென்றே என்னைப் பெற்றிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்பெல்லாம் எலியைக் கூண்டிலிருந்து எடுத்து, வெளிச்சமான ஒரு பெரிய பெட்டியின் நடுவில் விட்டு, எவ்வளவு நடக்கிறது என்று பார்ப்பார்கள். அது பயந்துபோய் மூலையில் ஒண்டும். ‘இந்த எலிக்குச் சுறுசுறுப்பு இல்லை’ என்று எழுதிக்கொள்வார்கள். திருநகரில் எங்கள் வீட்டு ஹாலில் எல்லா டியூப்லைட்டையும் போட்டு, நடுவில் என்னை நிறுத்தி, “பொண்ணு ஏதாவது பேசட்டுமே” என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்ன அன்று நானும் மூலையைத்தான் தேடினேன். என்னைப் பற்றியும் அதையேதான் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

கப்பலூர் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் பை செய்யும் கம்பெனிக்கும் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஆய்வுக்கூடம். மேடம் மதுரைக் காஜிமார் தெருக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு, அங்கேயே இருக்கச் சொன்னவர்களையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர். மருந்துக் கம்பெனிகள் தரும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, என்ன ஆகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. குமிழ்கள் பொருத்திய பிறகு வந்த முதல் வாடிக்கையாளர் சூரியபிரகாஷ் சார். டி. கல்லுப்பட்டிப் பக்கம் மூலிகை மருந்து செய்கிறவர். அவர் அம்மாவுக்குப் பல வருடமாக மாத்திரை போட்டால்தான் தூக்கம். அவருக்காக ஒரு சிரப் காய்ச்சி, அதைத் தீபாவளிக்குள் கடைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தார். அதற்கு முன்னால் அது நிஜமாகவே தூங்கவைக்கிறதா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

எலி அறையில் இரண்டு ரேக்குகள். இரண்டிலும் வெள்ளைச் சுண்டெலிகள். எலிகள் இருட்டில்தான் ஓடியாடும் என்பதால், நாங்கள் வேலைக்கு வரும் பகல் நேரத்தை அவற்றுக்கு இரவாக்கியிருந்தோம். காலையில் விளக்கு அணையும், சாயங்காலம் எரியும். பகலில் உள்ளே போகிறவர்களுக்கு மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். எலிக்குச் சிவப்பு தெரியாது. ஒரு ரேக்குக்குக் கருப்பட்டித் தண்ணீர். இன்னொன்றுக்கு அதே கருப்பட்டித் தண்ணீரில் சிரப். எந்த ரேக் குறைவாக நடமாடுகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

ஆயுதபூஜை வந்தது.

கப்பலூரில் ஆயுதபூஜை என்றால் ஒரு ஸ்குரூடிரைவர்கூடப் பொட்டில்லாமல் தப்ப முடியாது. வாசலில் வாழைக்கன்று, பக்கத்துப் பட்டறையில் மைக் செட். மேடம் முந்தின நாளே பொரிகடலைக்குச் சொல்லிவிட்டு, “வழக்கம்போல எல்லாம் செய்யுங்க. எலி ரூம் பக்கம் மட்டும் மணி அடிக்காதீங்க” என்றார். எலிகளைப் பராமரிக்கும் நல்லகாமன் அண்ணன் தராசு, ஜெனரேட்டர், பிரிட்ஜ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். பாண்டிச்செல்வி அக்காவின் கால்குலேட்டருக்கு வைத்த பொட்டில் ஏழாம் நம்பர் மறைந்துவிட்டது.

நான் எலி அறைக்குள் தண்ணீர் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே வருகிறவர்கள் கைகால் கழுவி, கவுன், தொப்பி, முகக்கவசம், கால் உறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும். சாமான் அனுப்ப மட்டும் சுவரில் இரண்டு கதவு வைத்த ஒரு பொந்து உண்டு. அதில் வைக்கிற பொருள்மேல் கிருமி கொல்லும் ஊதா வெளிச்சம் படும். அந்தப் பொந்தின் கதவைத் தட்டினார் அண்ணன்.

“தாமர, இந்தா. உள்ள இருக்குற மெசினுக்கெல்லாம் நீயே வச்சுரு தாயி.”

திறந்து பார்த்தால், ஊதா வெளிச்சத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சந்தனம், ஒரு தாளில் குங்குமம். முறைப்படி கிருமி நீக்கப்பட்ட பூஜைச் சாமான்.

“அண்ணே, இங்க இதெல்லாம் கூடாதுண்ணே” என்றேன். முகக்கவசத்துக்குள் சொன்னதால் எனக்கு மட்டும்தான் கேட்டது.

“என்னது? ஒத்தப் பொட்டு தாயி. அம்புட்டு மெசினுக்கும் வச்சுட்டு இதுக மட்டும் மூளியா நிக்கலாமா? சாமி குத்தமாயிரும். நான் திரும்பக் கைகால் கழுவி அந்த அங்கியெல்லாம் மாட்டிட்டு வாரதுக்குள்ள நல்ல நேரம் போயிரும்.”

இரண்டாவது தடவை சத்தமாக மறுக்க வேண்டும். என் வாழ்க்கையில் எதையும் நான் இரண்டாவது தடவை மறுத்ததில்லை. அப்படித்தான் விலங்கியலிலேயே சேர்ந்தேன்.

நல்ல காரியம் வலப்பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று வலது ரேக்கில் ஆரம்பித்தேன். பொட்டு எங்கே வைப்பது? வெளியே தெரிவது குமிழ் மட்டும்தான். மழித்த தலை மாதிரி வழுவழுவென்று, பொட்டுக்கென்றே செய்தது போல இருந்தது. குனிந்து, கழுத்தைத் திருப்பி, ஒவ்வொன்றின் நடுவிலும் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். சிவப்பு வெளிச்சத்தில் குங்குமம் சுத்தமாகத் தெரியவில்லை. தொட்டுப் பார்த்துத்தான் வைத்தோம் என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அக்கறையாகத்தான் செய்தேன். எந்த வேலையையும் அக்கறையாகச் செய்வேன் என்று என் கல்லூரிச் சான்றிதழிலேயே இருக்கிறது.

வலது ரேக் முடியும்போது சந்தனம் தீர்ந்துவிட்டது. பொந்தைத் தட்டி, “அண்ணே, இன்னும் கொஞ்சம்” என்று கேட்டிருக்கலாம். வெளியே மேடம் குரல் கேட்டது. கிண்ணத்தைப் பார்த்தேன். இடது ரேக்கைப் பார்த்தேன். ‘மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று இடது ரேக்கிடம் மனதுக்குள் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெளியே அண்ணன், “எல்லாத்துக்கும் வச்சாச்சுல்ல?” என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினேன். எனக்கு ஒரே ஒரு தலையாட்டல்தான் தெரியும். ஆமாவுக்கும் இல்லைக்கும் அதுவேதான்.

மறுநாள் விஜயதசமி. எதையும் புதிதாகத் தொடங்க அதைவிட நல்ல நாள் இல்லை என்று சூரியபிரகாஷ் சார் சிரப் பாட்டில்களோடு வந்து நின்றார். கண்ணாடி ஜன்னல் வழியாக இரண்டு ரேக்குகளையும் பார்த்தார்.

“எந்தப் பக்கத்துக்கு மேடம் நம்ம மருந்து?”

“ரெண்டும் ஒண்ணுதான் சார். எதுக்கு வேணாலும் குடுக்கலாம்.”

“அப்ப வலது பக்கம் குடுத்துருங்க. மங்களமா இருக்கட்டும்.”

மேடம் சிரித்துக்கொண்டே சரி என்றார். முந்தின நாள் காலைவரை இரண்டு ரேக்குகளும் ஒரே அளவில்தான் நடமாடியிருந்தன. ஆட்சேபிக்க எதுவும் இல்லை. மதுரைக்காரர்கள் யார் கையில் எதைக் கொடுத்தாலும் வலப்பக்கத்தில்தான் தொடங்குவார்கள் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அதன் பிறகு நடந்ததை அதிசயம் என்றுதான் சொல்ல வேண்டும். இடது ரேக் பச்சைப்பசேல் என்று ஓடிக்கொண்டிருந்தது. வலது ரேக் நீலமாகிவிட்டது. நாளுக்கு நாள் அப்படியே. படிக்கிற காலத்தில் நான் போட்ட கிராஃப் எதிலும் இரண்டு கோடுகள் பிரிந்ததே இல்லை. ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கிடக்கும். இந்தக் கிராஃபிலோ ஒரு கோடு மலையிலும் மற்றது தரையிலும் போயின. பூஜை நாளில் மைக் சத்தம் அதிகம் என்பதால் அந்த ஒரு நாளின் அளவை மட்டும் நானே வெட்டி எறிந்தேன். எவ்வளவு நேர்மை!

“செல்வி, ரொம்ப அழகா வந்திருக்கும்மா” என்றார் மேடம். தாமரைச்செல்வியில் அண்ணனுக்கு முன்பாதி, மேடத்துக்குப் பின்பாதி. “இந்த ரிப்போர்ட் நல்லபடியா போனா இன்ஷா அல்லாஹ் இன்னும் நாலு கம்பெனி வரும். உன்னையும் நிரந்தரமாக்கிடலாம்.”

நல்லகாமன் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். “நானும் ஒரு மூடி குடிச்சுப் பாத்தேன் தாமர. மத்தியானம் சோத்துக்கு அப்புறம் அப்படி ஒரு தூக்கம்.”

“நீங்க எப்பவும் மத்தியானம் தூங்குவீங்களேண்ணே.”

“அது வேற தூக்கம், இது வேற தூக்கம். உனக்கு என்ன தெரியும்?”

சூரியபிரகாஷ் சார் ரிப்போர்ட்டைக் கேட்க வருவதற்கு முந்தின நாள், ரேக்கைப் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னார் மேடம். சிவப்பு வெளிச்சத்தில் எடுத்தால் நன்றாக இராது என்று சாயங்காலம் அறை விளக்கு எரியும்வரை காத்திருந்து உள்ளே போனேன். குமிழும் படத்தில் வரட்டுமே என்று தரையில் உட்கார்ந்து போனை மேலே பார்த்து நீட்டினேன்.

வெள்ளை வெளிச்சத்தில், வலது ரேக் முழுவதும், குமிழுக்குக் குமிழ் பளிச்சென்று குங்குமம். வரிசையாகச் சுமங்கலிகள். இடது ரேக்கில் ஒன்றுமில்லை.

அந்த மாதிரி நேரத்தில் நெஞ்சு படபடத்தது, தலை சுற்றியது என்று எழுதுவார்கள். எனக்கு முதலில் வந்த எண்ணம், பொட்டெல்லாம் சரியாக நடுவில் இருக்கிறதே என்ற திருப்திதான். பிறகுதான் மற்றது வந்தது. உடம்புச் சூட்டை உணரும் கண்ணில் விரல் கனத்துக்குச் சந்தனம் அப்பினால் அதற்கு எலி எங்கே தெரியும்? கீழே ஓர் எலி அப்போதுதான் வைக்கோலை இழுத்துத் தூங்கப்போனது. பகலெல்லாம் ஓடிய களைப்பாக இருக்கும்.

வெளியே வந்து, நான் வெட்டி எறிந்த பூஜை நாளின் அளவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். காலையில் இரண்டு ரேக்கும் பச்சை. நான் கிண்ணத்தோடு போன நேரத்திலிருந்து வலது ரேக் நீலம். சிரப் அடுத்த நாள்தான் வந்தது. மருந்து வருவதற்கு முந்தின நாளே தூங்கிப்போன எலிகள்! அதையும் பொறுக்கி எடுத்து எறிந்திருக்கிறேன். அவ்வளவு சரியாகக் குறிபார்த்திருக்கிறது என் நேர்மை.

மேடத்துக்குச் செய்தி அனுப்ப உட்கார்ந்தேன். ‘மேடம், சென்சாரில் ஒரு சின்னப் பிரச்சினை’ என்று எழுதினேன். சின்ன என்பதை அழித்தேன். ‘மேடம், பொட்டு’ என்று எழுதினேன். அது ஏதோ விளம்பரம் மாதிரி இருந்தது. கடைசியில் ‘குட் ஈவினிங் மேடம்’ மட்டும் போனது. கும்பிடும் பொம்மை ஒன்று திரும்பி வந்தது.

காலையில் நேரில் சொல்லிவிடுவது என்று சீக்கிரமே போய் அவர் அறை வாசலில் நின்றேன்.

“மேடம், ஒரு விஷயம்.”

“உள்ள வாம்மா. என்ன?”

“அது வந்து... எப்படிச் சொல்றதுன்னு...”

மேடம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “கல்யாணமா?”

“இல்ல மேடம்!”

“மூஞ்சியப் பாத்தா அப்படித்தான் இருக்கு. வெக்கப்படாதம்மா. மாப்ள என்ன பண்றார்? கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்கு விடுவாங்கல்ல?”

“மாப்ள இல்ல மேடம். எலி.”

“எலிக்கென்ன?” என்றவர், என் முகத்தை இன்னொரு முறை பார்த்து, தானே ஒரு முடிவுக்கு வந்தார். “ஓ, இன்னைக்குப் பேசணுமேன்னு பயமா? சரி விடு. நானே பேசிடுறேன். நீ கம்ப்யூட்டர் பக்கத்துல நின்னு படத்த மட்டும் மாத்து. போதுமா?”

போதும் என்று தலை ஆடிவிட்டது. கழுத்து என்னுடையதுதான் என்றாலும் அது என்னைக் கேட்பதில்லை. அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது.

சூரியபிரகாஷ் சார் அல்வாப் பொட்டலத்தோடு வந்திருந்தார். மீட்டிங் அறையின் பெரிய திரையில் இரண்டு ரேக்குகளும் நேரலையில் தெரிந்தன. இடது பக்கம் பச்சை, வலது பக்கம் நீலம். அவர் அதைப் பார்த்தபடியே நின்றார். சாமி பார்க்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

“அம்புட்டும் தூங்குதா?”

“இந்தக் கணக்குப்படி, வலது ரேக்ல நடமாட்டம் ரொம்பக் குறைவு” என்றார் மேடம். “ஆனா சார், எலிக்கும் மனுசனுக்கும் ரொம்ப தூரம். இதுக்கு அப்புறம்தான்...”

“மேடம், லேபிள் அச்சுக்குப் போயாச்சு. ‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ங்குற ஒரு வரிதான் பாக்கி. அம்மாவுக்கு ராத்திரி ரெண்டு மாத்திரை குடுக்குறோம். இன்னையோட அத நிறுத்திட்டு இதையே குடுக்கப் போறேன்.”

“டாக்டரக் கேக்காம திடீர்னு நிறுத்தக்கூடாது சார். அது ஆபத்து.”

“டாக்டர் என்ன மேடம் டாக்டர். உங்க எலியே சொல்லுதே!”

நான் எழுந்தேன். “சார்” என்றேன். உதடு அசைந்தது எனக்குத் தெரியும். சத்தம் வந்ததா என்பது தெரியாது. யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை முயன்றேன். இருமல் வந்தது. பாண்டிச்செல்வி அக்கா தண்ணீரை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வாயால் முடியாதது கையால் முடியும் என்று தோன்றியது. அவசரம்தான். ஆனாலும் கைகால் கழுவினேன். கவுன் போட்டேன். தொப்பி, முகக்கவசம், கால் உறை. ஒரு கால் உறை கிழிந்தது, வேறு எடுத்து மாட்டினேன். ஓர் அம்மாவின் மாத்திரை நிற்கப்போகிறது, இவள் கவுனின் முடிச்சைச் சரிபார்க்கிறாள் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு சிவப்பு இருட்டுக்குள் போனேன்.

முதல் குமிழைத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் பெயர்ந்து வந்தது. அடுத்தது. அடுத்தது. மீட்டிங் அறைத் திரையில் அப்போது என்ன நடந்தது என்பதைப் பிறகு பாண்டிச்செல்வி அக்கா சொன்னார். நீலமாக இருந்த வலது ரேக்கில் மேல் வரிசை முதல் கட்டம் பச்சையானதாம். கொஞ்ச நேரத்தில் அதற்குப் பக்கத்தது. பிறகு அதற்குப் பக்கத்தது. சூரியபிரகாஷ் சார் அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு, “மேடம், ஒண்ணொண்ணா முழிக்குது” என்றாராம்.

கடைசி ஒரு குமிழை மட்டும் துடைக்காமல் விட்டேன். ஜன்னலுக்கு மிக அருகில் இருந்த கூண்டு அது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஜன்னல் பக்கத்து மைக்கில் மேடம் குரல்.

“செல்வி! உள்ள என்னம்மா பண்றே?”

பதில் சொல்ல என் பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். “பொட்டை அழிக்கிறேன் மேடம்.”

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கும் என்று உறைத்தது. மேடத்துக்குப் பின்னால் நின்ற நல்லகாமன் அண்ணன், “அடியாத்தி, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுது இந்தப் புள்ள” என்றார். அன்றைக்கு ஒன்றும் நல்ல நாள் இல்லை. சாதாரண வியாழக்கிழமைதான்.

“என்ன பொட்டு?”

“ஆயுதபூஜைக்கு வச்ச பொட்டு. சென்சார் மேல. வலது ரேக்குக்கு மட்டும் வச்சேன். சந்தனம் தீந்துபோச்சு.”

மேடம் கண்ணை மூடினார். அவருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூரியபிரகாஷ் சார் விடவில்லை.

“அதெல்லாம் இல்ல. நல்லாத் தூங்கிட்டு இருந்துச்சுக. நீங்க உள்ள போயி உருட்டுனதுல முழிச்சுருச்சு. யாரு போனாலும் முழிக்கத்தானே செய்யும்?”

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன், மனதுக்குள். அதற்காகத்தான் ஒரு குமிழை விட்டிருந்தேன். அந்தக் கூண்டைக் காட்டினேன்.

“சார், இந்த எலியப் பாருங்க.”

அவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தார். எலி கூண்டுக்குள் இருந்த சக்கரத்தில் ஏறி விழுந்தடித்து ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்று கருப்பட்டிச் சிரப்பைக் குடித்தது. மறுபடி ஏறி ஓடியது.

“இப்பத் திரையப் பாருங்க சார். கீழ் வரிசை, கடைசிக் கட்டம்.”

பாண்டிச்செல்வி அக்கா மீட்டிங் அறையை எட்டிப் பார்த்து, “நீலம்” என்று கத்தினார். “தூங்குதுன்னு காட்டுது!”

சார் மறுபடி எலியைப் பார்த்தார். அது ஓடியது. குமிழில் பொட்டு இருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் அது அவருக்குத் தெரிந்திருக்காது. நான் பஞ்சால் துடைத்துக் காட்டினேன். “பச்சை” என்றார் அக்கா.

சார்தான் முதலில் பேசினார். “மேடம், எங்கம்மாவுக்கு இன்னைக்கு மாத்திரை குடுக்கணுமா?”

“குடுக்கணும் சார். கட்டாயம் குடுக்கணும்.”

அவர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். அல்வா மேசையிலேயே கிடந்தது.

நல்லகாமன் அண்ணன் கண்ணாடி அருகில் வந்து, “தாமர, அந்தச் சந்தனம் கோயில் வாசல்ல வாங்குனது. இம்புட்டு வேலை செய்யும்னு நெனைக்கல” என்றார். அவர் வருத்தப்பட்டாரா பெருமைப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மேடம் என்னைத் திட்டியதை முழுதும் எழுத வேண்டாம். பொட்டு வைத்ததற்குக் கொஞ்சம்தான் திட்டினார். வலது பக்கம் என்றதும் சரி என்று தலையாட்டியது தன் தப்பு என்றார். மீதியெல்லாம் மற்றதற்கு.

“நேத்தே தெரிஞ்சுருக்கு. காலையில எங்கிட்ட வந்து நின்னுருக்க. கல்யாணமான்னு நான் கேட்டப்ப, இல்ல மேடம், பொட்டுன்னு ஒரு வார்த்தை! அதுக்குப் போயி கவுன் மாட்டி, எலிகள எழுப்பி, வாடிக்கையாளர் முன்னாடி... இத சினிமா மாதிரி செஞ்சத விட வாயத் தொறந்து சொல்றது கஷ்டமா?”

ஆமாம் என்பதுதான் உண்மையான பதில். தலையை ஆட்டிவைத்தேன்.

சூரியபிரகாஷ் சார் வரமாட்டார் என்றே நினைத்தோம். அந்த வாரமே போன் செய்து, மறுபடி முதலிலிருந்து செய்து பாருங்கள் என்றார். தீபாவளி போனால் பொங்கல் இருக்கிறது என்றாராம். இந்த முறை புது எலிகள். எந்தக் கூண்டுக்குச் சிரப், எந்தக் கூண்டுக்கு வெறும் கருப்பட்டி என்பதை மேடம் சீட்டுக் குலுக்கி இரண்டு ரேக்கிலும் கலந்து போட்டார். வலமும் இல்லை, இடமும் இல்லை. எது எது என்று என்னிடமும் சொல்லவில்லை. குமிழ்களை நான் தினமும் துடைத்தேன். தேவையே இல்லாமல் துடைத்தேன்.

முடிவு வந்தது. இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கிடந்தன, என் கல்லூரிக் காலம் போலவே. சிரப் குடித்ததும் குடிக்காததும் ஒரே மாதிரி ஓடின, ஒரே மாதிரி தூங்கின.

“நீதான் அவருக்குச் சொல்லணும்” என்றார் மேடம். “மெசேஜ் கிடையாது. போன். நான் இங்கேயே உக்காந்திருப்பேன்.”

சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை அழுத்தினேன். அவர் எடுத்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

“சார், நான் தாமரைச்செல்வி. எலி.”

“சொல்லும்மா.”

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு சார். உங்க சிரப் குடிச்ச எலிக தூங்கல. மத்த எலிக மாதிரியேதான் இருக்குதுக.”

“கொஞ்சம்கூடவா?”

“கொஞ்சம்கூட இல்ல சார்.”

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. பிறகு, “கெடுதல் ஏதும் ஆச்சா?”

“அதுவும் இல்ல சார். நல்லா சாப்பிடுதுக. நல்லா ஓடுதுக.”

“அப்ப லேபிள்ல ‘பக்கவிளைவு அற்றது’ன்னு போட்டுரலாமா?”

மேடம் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டிப் பயனில்லை. போனில் அது தெரியாது.

“போடக்கூடாது சார்” என்றேன். “நாங்க பாத்தது தூக்கத்த மட்டும்தான். வயிறு, ஈரல், கிட்னி எதையும் பாக்கல. பாக்காதத இல்லன்னு எழுத முடியாது. அதுவுமில்லாம, விளைவே இல்லாத மருந்துக்குப் பக்கவிளைவு இல்லன்னு போட்டா, வாங்குறவங்க அது நல்ல மருந்துன்னு நெனைச்சு, போட்டுட்டு இருக்குற மாத்திரைய நிறுத்திருவாங்க. நீங்க நிறுத்தப் பாத்தீங்கள்ல, அது மாதிரி.”

என் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒன்று வந்ததில் மேடம் டீயைக் கீழே வைத்துவிட்டார். நான் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்படின்னா போட வேணாம்ங்குற.”

“வேணாம் சார்.”

“ம்.” ஏதோ யோசித்தார். “சரிம்மா. போடல.”

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இப்படிப்பட்ட இடைவெளியில் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று தேடி, “அம்மா மாத்திரை போடுறாங்களா சார்?” என்று கேட்டேன்.

“போடுறாங்க. நல்லாத் தூங்குறாங்க. நான்தான் இந்தச் சிரப்ப நெனைச்சு நெனைச்சுத் தூங்குறது இல்ல.”

படுக்கும்போது சூடாகக் கொஞ்சம் பால் குடித்துப் பாருங்கள் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த எலியிடமும் நான் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன். அந்த வேலை எனக்கு நன்றாக வரும்.